கழுத்துக்கு மேல் ஆடிய மைதீன் பாய்

மைதீன் பிச்சை பாய் மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மூத்த மகன் போனில் சொன்னபோது, நான் பாண்டுப்பில் மகள் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அத்தா காலைல சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க. எந்திரிக்கல, சித்தப்பா" என்றான். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான். ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒன்றாகப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். மகள் பிறகு சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

அடக்கம் நடந்த கபுருஸ்தானில் தாராவிக்காரர்களும் கோவண்டிக்காரர்களும் நிறைந்து நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு இளைஞர், "நீங்க யாரு பெரியவரே?" என்று கேட்டார். பாயோடு கார்கானாவில் ஒன்றாக வேலை செய்தவன் என்றேன். "ரொம்ப அமைதியான மனுசர்ல" என்றார். அமைதியானவர்தான். பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழுகிற பெரியவர் என்றுதான் இன்றைக்கு உள்ளவர்களுக்கு அவரைத் தெரியும். ஒரு காலத்தில் செம்பூரில் காலேஜ் பையன்களோடு சேர்ந்து, தோள் வரைக்கும் முடி விட்டு, தலையை மேலும் கீழும் வீசி வீசி ஆடியவர் அவர் என்பது தெரியாது. பாய் இதை யாரிடமும் மறைத்தவரில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் போனது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலைநிறுத்தத்தில் மில்லுகள் மூடிக்கிடந்த சமயம் அது. சங்கரன்கோயில் பக்கமிருந்து நான் தாராவிக்கு வந்து, ஒரு தோல் கார்கானாவில் தையல் வேலையில் சேர்ந்தேன். எனக்கு எதிரே பலகையில் குனிந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். என்னைவிட மூன்று நாலு வயது மூப்பு. ஒல்லி உடம்பு, நீளமான கழுத்து. அவரிடம் ஒரு குணம் இருந்தது. ஒரு பொருள் எதற்கு என்று தெரியாமல் கத்தியைத் தோலில் வைக்கமாட்டார். எங்கள் முதலாளி சேட்டுக்கு இது பெரிய தலைவலி.

ஒருமுறை ஒருவர் நீளமாக, ஒல்லியாக, உள்ளே மெத்தை வைத்து ஒரு உறை கேட்டார். "உள்ள என்ன வைக்கப் போறிய?" என்றார் பாய். ஒரு கோல் என்றார் அவர். அந்தக் கோலால் என்ன செய்வீர்கள் என்றார் பாய். மேசையில் பந்தைக் குத்துவோம் என்றார். பாய்க்கு அது போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், அந்த ஆள் சொன்ன பில்லியர்ட்ஸ் கிளப்பைத் தேடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். வாட்ச்மேன் விரட்டிவிட்டான். திரும்பி வந்து என்னிடம் நிம்மதியாகச் சொன்னார்: "உள்ளதுதான் முத்தையா. பந்தக் கோலால குத்துதான். ஆனா குத்துறதுக்கு முந்தி அவன் யோசிக்கிற யோசனை இருக்கே, நாம ஒரு வீடு வாங்கணும்னாக்கூட அம்புட்டு யோசிக்கமாட்டோம்."

அப்படிப்பட்டவரிடம்தான் மாதுங்காவிலிருந்து பாலாஜி வந்து சேர்ந்தார். அப்பா ஆபீஸ் உத்தியோகம், பையன் காலேஜ். நெற்றியில் சின்னதாக ஒரு கீற்று விபூதி, முதுகில் கித்தார்.

"பாய், ரெண்டு கைக்கும் பட்டை வேணும். மணிக்கட்டுலேர்ந்து இவ்வளவு அகலம். மேல கூர் கூரா குமிழ் நிக்கணும்."

"நாய்க்குக் கழுத்துல போடுறதா தம்பி?"

"இல்ல பாய். எனக்குத்தான்."

சேட் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. "யாரையும் அடிக்கப் போறியளா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல. நாங்க ஒரு பேண்டு வச்சிருக்கோம். மெட்டல் மியூசிக். மேடையில போட்டுக்கறதுக்கு. கேக்க வர்றவாளும் போட்டுப்பா. போட்டுண்டு தலைய ஆட்டுவா."

"பாட்டு நல்லாருக்குன்னு ஆட்டுவாவளோ?"

"அந்த ஆட்டு இல்ல பாய். டான்ஸே அதுதான். தலையாலதான் ஆடணும்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "கை?"

"சும்மா இருக்கும்."

"காலு?"

"ஊனி நிக்கணும்."

"அப்ப கழுத்துக்கு மேலதான் ஆட்டம்" என்றார் பாய், தனக்குத்தானே. பிறகு, "வந்தா பாக்க விடுவாவளா?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்கோ. சனிக்கிழமை மத்தியானம், செம்பூர்ல."

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலேஜ் ஹால். மேடையில் பாலாஜியும் இன்னும் மூன்று பேரும். டிரம்மை அடித்தபோது அடி என் நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டேன். கீழே பையன்கள் காலை அகட்டி ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். முடி முன்னால் விழும், பின்னால் பறக்கும். முகமே தெரியாது. மைதீன் பாய் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு தரையில் குந்தி, கீழேயிருந்து முகத்தை அண்ணாந்து பார்த்தார். என்னிடம் வந்து காதுக்குள் கத்தினார்: "கண்ண மூடியிருக்கான், முத்தையா. ஆனா டிரம்மு விழுற எடத்துல நெத்தி சரியா விழுது. ஒருத்தனுக்கும் தப்பல."

அதற்குப் பிறகு அவர் செய்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். நாலாக மடித்தார். என் கையில் கொடுத்தார். போய் ஓரத்தில் ஒரு பையனுக்குப் பக்கத்தில் காலை ஊன்றி நின்றார். முதலில் எல்லாத் தலையும் கீழே போகும்போது இவர் தலை மேலே இருந்தது. டிரம்மின் நாலைந்து அடிக்குத் தள்ளாடினார். பிறகு எப்படியோ சேர்ந்துகொண்டார்.

மறுநாள் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். சேட், "படுக்கையில சுளுக்கா?" என்று கேட்டதற்கு, "இல்ல சேட், ஆடுனேன்" என்றார். சேட் அதை நம்பவில்லை.

"இதுல என்ன சொகம் பாய்?" என்று நான் கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் வெட்டிக்கொண்டே சொன்னார்: "காலையில இருந்து பொழுதடையறவரைக்கும் இந்தப் பலகையப் பாத்துக் குனிஞ்சே இருக்கு இந்தத் தல. தோலுக்காகக் குனியுது, கத்திக்காகக் குனியுது. அங்க போனா அது தனக்காகத் தானா குனியுது, தானா நிமிருது. வேற ஒண்ணும் இல்ல, வே."

பிறகு பாலாஜியின் கூட்டாளிகள் எல்லாரும் எங்கள் கார்கானாவுக்குத்தான் வந்தார்கள். பட்டை, பெல்ட்டு. கூர் முனை ஆட்டத்தில் பக்கத்து ஆள் கண்ணில் குத்திவிடும் என்று பாய் நுனியை அரத்தால் மழுக்கிக் கொடுத்தார். "பாக்கத்தான கூரு வேணும். பாத்தா கூராத்தான் தெரியும்" என்பார். அவரும் முடி வளர்த்தார். தலை ஆட்டத்தில் வகை உண்டு என்று எனக்கு விளக்குவார்: மேலும் கீழுமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வட்டமாக ஒன்று. "வட்டந்தான் வெசம். முடிச்சிட்டு நின்னா செம்பூரே சுத்துது."

இந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பெண் அமைந்தது. கோவண்டியில் அரிசிக்கடை வைத்திருந்த அசன் கனி அவர்களின் மகள் ஜொகரா. பாய் அந்தக் கடைக்கு அரிசி வாங்கப் போனபோது, தகப்பனார் தொழுகைக்குப் போயிருந்தார். இந்தப் பெண்தான் அளந்து போட்டதாம். போட்டுவிட்டு, இவருடைய விரல்களைப் பார்த்து, "இது என்ன கறை? கழுவுனா போகாதா? கழுவாம சாப்பிடுவியளா?" என்று மூன்று கேள்வி கேட்டதாம். அது தோலுக்குப் போடுகிற சாயம். பாய் கார்கானாவுக்கு வந்து, "கேள்வி கேக்குற பிள்ள, முத்தையா. கட்டுனா அதத்தான் கட்டணும்" என்றார். பெரியவர்கள் பேசி, வெற்றிலை மாற்றியாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயம் ஆன பிறகும், மாப்பிள்ளை எப்படி என்று பார்க்க, பெண் வீட்டிலிருந்து ஒருவர் வேலை செய்கிற இடத்துக்குச் சொல்லாமல் வருவார். ஜொகராவின் தாய்மாமனுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை. அவர் வந்த அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். சேட் இல்லை. நான் பரணில் தோல் கட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து தன் சித்தப்பா கொண்டுவந்த, அப்போது புதிதாக வந்திருந்த வாக்மேனைப் பாலாஜி பாயிடம் ஒரு நாளைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சட்டைப்பையில் பெட்டி, முடிக்கு உள்ளே காதில் ஒயர். வெளியே ஒரு சத்தமும் கேட்காது.

தாய்மாமன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தபோது, ஆளில்லாத கார்கானாவில், சத்தமே இல்லாமல், மாப்பிள்ளை தனியாக நின்று முடியை விரித்துப்போட்டு வட்டமாகத் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் பரணிலிருந்து "வாங்க, யாரு?" என்றேன். இறங்கி வருவதற்குள் மனிதர் சந்து முனையைத் தாண்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே கோவண்டியிலிருந்து ஆள் வந்துவிட்டது. நானும் கூடப் போனேன். அசன் கனி அவர்கள் கோபப்படவில்லை. கனிவாகத்தான் பேசினார்.

"தம்பி, உங்களுக்கு எத்தன நாளா இப்படி இருக்கு?"

"மாமா, அது பாட்டு. பாட்டுக்கு ஆடுனேன்."

"அங்க பாட்டே கேக்கலைன்னு மச்சான் சொல்லுதானே?"

"எனக்குக் கேட்டுது மாமா."

அந்தப் பதிலோடு தாய்மாமன் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒயர் மாட்டிக் கேட்கிற பெட்டி என்று நான் விளக்கினேன். அதைக் காட்டுங்கள் என்றார்கள். பெட்டி அன்றே மாதுங்காவுக்குத் திரும்பிப் போயிருந்தது. காதில் மட்டும் பாட்டுக் கேட்கிற பெட்டியை அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. நாளைக்கு வாங்கிவந்து காட்டுகிறோம் என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை.

"ஜின்னுன்னா பயப்படாண்டாம் தம்பி" என்றார் அசன் கனி. "எங்க அக்கா மகனுக்கும் இருந்துச்சு. ஓட்டிட்டோம். இன்னைக்கு சவுதியில நல்லா இருக்கான். ஒரு தர்கா இருக்கு, வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன். சரியானதும் நிக்காஹ வச்சுக்கிடுவோம்."

திரும்பி வரும்போது நான் சொன்னேன்: "பாய், ஆமான்னு சொல்லிரும். ஓட்டுறவங்க ஓட்டட்டும். போயிருச்சுன்னு சொல்லிட்டுக் கல்யாணத்த முடிப்போம்."

"இல்லாத ஜின்ன இருக்குன்னு சொல்லியா அந்தப் பிள்ளையக் கட்டச் சொல்லுத? ஒரு நாளைக்கு அது கேக்கும், வே. என்ன சொல்லுவேன்?" என்றார். அவருக்கு அந்தப் பெண் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அன்றுதான் முகத்தில் தெரிந்தது.

தர்காவுக்கும் நான் போனேன். வாசலில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே மனசுக்குச் சங்கடமாக இருந்தது. மைதீன் பாய் தாம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். "முத்தையா, அதே வட்டம், பாத்தியா? ஆனா இவங்க நிறுத்த நினைச்சாலும் நிறுத்த முடியல" என்று மெதுவாகச் சொன்னார். அசன் கனி அவர்கள் இதைக் கேட்டுவிட்டுக் கவலையாக என்னைப் பார்த்தார்.

அங்கே ஓதிப் பார்க்கிற அசரத்து வயதானவர். தண்ணீரில் ஓதி பாயின் முகத்தில் தெளித்தார். அதட்டலாகக் கேட்டார்: "யாரு நீ? எந்த ஊரு?"

"மைதீன் பிச்சை. கடையநல்லூரு."

"உன்னக் கேக்கல. உள்ள இருக்கவன் யாரு?"

"நான்தான் இருக்கேன், அசரத்து."

மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் உட்கார வைத்துப் பார்த்தார். சாம்பிராணி போட்டார். பாய்க்குத் தும்மல்தான் வந்தது. கடைசியில் அசரத்து அசன் கனியைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணுமே இல்ல. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நாங்கள் சந்தோஷப்பட்டோம். அசன் கனி அவர்களின் முகம்தான் அப்போது விழுந்தது. "இருந்துச்சுன்னா ஓட்டிரலாம், முத்தையா" என்று என்னிடம் சொன்னார். "ஒண்ணும் இல்லாமலே ஆடுறவனுக்கு நான் எங்க போயி மருந்து வாங்க? எம் பொண்ண எப்படிக் குடுக்க?" பேச்சு அதோடு நின்றது. மறுவாரம் அம்பர்நாத்தில் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகச் செய்தி வந்தது.

மைதீன் பாய் தாமே கோவண்டி கடைக்குப் போனார். வாடிக்கைக்காரர்கள் போகும்வரை நின்றிருந்து, "மாமா, நீங்க மூட்டைக்குள்ள கைய விட்டு அள்ளிப் பாக்காம அரிசி எடுக்கிறதில்ல. என்ன மட்டும் அடுத்தவர் பாத்ததக் கேட்டுட்டுத் தள்ளுறீய. ஒருக்க வந்து பாருங்க. பெறவு வேண்டாம்னா நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றார். அசன் கனி நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவர். வந்தார்.

செம்பூரில் ஒரு மைதானம். மழை விட்ட சாயங்காலம். அசன் கனி அவர்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி, தொப்பி, கையில் குடையோடு வந்திருந்தார். பையன்கள் "அங்கிள், அங்கிள்" என்று வழிவிட்டார்கள். மேடையில் பாலாஜி, பாய் செய்த பட்டைகளோடு. பாட்டு ஏறியதும் கூட்டம் முழுக்கத் தலைகள் விழுந்து எழுந்தன. அசன் கனி அவர்கள் முதல் பாட்டு முழுவதும் அசையாமல் நின்று பார்த்தார். இரண்டாவது பாட்டின் நடுவில், நான் பிடிப்பதற்குள் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

நேராக மைதீன் பாயிடம் போய், சுழன்றுகொண்டிருந்த தலையின் உச்சியில் கையை வைத்தார். தர்காவில் அசரத்து கேட்ட அதே குரலில் அதட்டினார்: "யாரு நீ? எந்த ஊரு?"

பாய் தலையை நிமிர்த்தினார். முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. "நான்தான் மாமா, மைதீன். இங்க நிக்காதீய, கால மிதிச்சிருவானுவ" என்று சொல்லி, கையைப் பிடித்து ஓரத்துக்கு அழைத்துவந்து, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். "டீ சொல்லவா?" என்றார். பிறகு தயங்கி, "பாட்டு இன்னும் முடியல. போய்ட்டு வரட்டா மாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அசன் கனி உட்காரவில்லை. பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் தலையில் கைவைத்தார். "கோன் ஹை து? கஹான் கா?" என்று அதே கேள்வியை இந்தியில் கேட்டார். அவன் முடியை ஒதுக்கிவிட்டு, பெயரைச் சொல்லி, செம்பூர், அங்கிள் என்றான். அடுத்தவன் மாதுங்கா என்றான். அதற்கடுத்தவன் ஒரு சர்தார் பையன். தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தான், ஊர் சயான் என்றான். அப்படியே ஒரு வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டே போனார். யாரும் கோபிக்கவில்லை. ஏதோ அங்கிள் அறிமுகம் செய்துகொள்கிறார் என்று இரண்டு பேர் கைகூடக் குலுக்கினார்கள். பாட்டு நின்றது. அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் நின்றன. அசன் கனி அதையும் பார்த்தார்.

செம்பூருக்கும் கோவண்டிக்கும் ஒரே ஸ்டேஷன் தூரம். வண்டி கோவண்டிக்குள் நுழையும்போது அசன் கனி சொன்னார். "எல்லாவனும் அவனவன் பேரத்தான் சொல்லுதான். பாட்டு நின்னா நிக்குதான்." இறங்கிய பிறகு, பிளாட்பாரத்தில் நின்று, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த மாசம் நாள் பாப்போம். நிக்காஹ் அன்னைக்கு மட்டும் முடிய வெட்டிக்கிடணும்."

"வெட்டிக்கிடுதேன், மாமா" என்றார் பாய். சொல்லிவிட்டு ஒருமுறை முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் சில வருசம் போய் ஆடினார். பாலாஜி வேலை கிடைத்து வெளிநாடு போனார். பட்டைகளும் கூடவே போயின. பாய்க்கு நாற்பது வயதுக்குள் முடி கொட்டிவிட்டது. கடைசிக் காலத்தில் கழுத்து எலும்பு தேய்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். "சின்ன வயசுல தலைச்சுமை தூக்குவீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், ஆடுனேன்" என்றார் பாய். டாக்டரும் நம்பவில்லை.

போன வாரம் தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கிற இத்தாவில் ஜொகரா அவர்கள் இருக்கிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன், அந்தப் பக்கத்திலிருந்து பேசினார்கள். ஆண்கள் நாங்கள் தர்காவுக்கும் செம்பூருக்கும் அலைந்தபோது, அந்தப் பெண் என்ன நினைத்தது என்று இத்தனை வருசத்தில் நான் கேட்டதே இல்லை. கேட்டேன்.

"ஜின்னு இருந்தாலும் அவுகளத்தான் கட்டுவேன்னு உம்மாகிட்டச் சொல்லிட்டேண்ணே" என்றார்கள். "அத்தாதான் கேக்கல."

"பயமா இல்லையாம்மா?"

"பயந்தான். அத விட, அது எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருந்துச்சு. கல்யாணம் முடிஞ்ச புதுசுல, எங்க அத்தா வீட்டுல இருக்கும்போது, காட்டுங்கன்னேன். கதவச் சாத்திட்டு, டேப்ப மெதுவா வச்சு, ஆடிக் காட்டுனாவ." திரைக்குப் பின்னால் குரல் தணிந்தது. "பெறவு நானும் சடைய அவுத்துவிட்டுப் பக்கத்துல நின்னு ஆடிப் பாத்தேன். நான் எறக்கும்போது அவுக ஏத்துனாவ. ரெண்டு தலையும் முட்டி, ரெண்டு பேரு நெத்தியும் வீங்கிப் போச்சு. காலையில அத்தா கேட்டாவ. கதவு இடிச்சிட்டுன்னோம். ரெண்டு பேரையுமான்னு கேட்டாவ."

திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். துக்க வீட்டில் என்ன சிரிப்பு என்று சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நான் எழுந்திருக்கவில்லை. அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மைதீன் பாய், கட்டினால் இந்தப் பிள்ளையைத்தான் கட்டவேண்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.